ஆடியோவில் இத்தாலியன்: காசு கொடுப்பதற்கு முன்

கேள்வி: ஆம்பூரில் தோல் தொழிற்சாலை ஒன்றில் சூப்பர்வைசராக இருக்கிறேன். நான்கு மாதம் கழித்து இயந்திரப் பயிற்சிக்காக கம்பெனி என்னை இத்தாலியில் அர்சிஞானோவுக்கு அனுப்புகிறது. வகுப்புக்குப் போக நேரமில்லை. பஸ்ஸில் போய்வரும்போது ஆடியோ கோர்ஸ் கேட்டுப் படிக்கலாம் என்று நினைக்கிறேன். ஒரு விளம்பரம் 'முப்பதே நாளில் சரளமாக' என்கிறது. ஒன்றுக்கு மாதச் சந்தா, இன்னொன்றை மொத்தமாக வாங்க வேண்டும். எதை வாங்கலாம்?

பதில்: முப்பது நாள்காரரை முதலில் விட்டுவிடுங்கள். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு இத்தாலியன் கற்றுத்தர சுமார் 24 வார வகுப்பு வைத்திருக்கிறது. அதுவும் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்களுக்கு, படிப்பதையே வேலையாக வைத்திருப்பவர்களுக்கு.

எனக்கு உறுத்துவது உங்கள் பஸ்தான். நல்ல ஆடியோ கோர்ஸ் எதுவும் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதற்கானது அல்ல. 'இதை இத்தாலியனில் சொல்லுங்கள்' என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும், நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பக்கத்து சீட்டில் ஆள் இருக்கும்போது யார் சொல்வார்கள்? மனதுக்குள் சொன்னால் நாக்குக்குப் பழகாது. காலையில் அரை மணி மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுங்கள். பஸ்ஸில் அதே பாடத்தை இன்னொரு முறை கேட்டால் போதும்.

பிம்ஸ்லர் கோர்ஸில் ஒரு பாடம் அரை மணி, ஒரு நிலைக்கு 30 பாடம், ஆக 15 மணி நேரம். புதிய சொல்லைச் சில விநாடியில் ஒரு முறை, சில நிமிடத்தில் ஒரு முறை, அப்புறம் மறுநாள் என்று இடைவெளியைக் கூட்டிக் கூட்டிக் கேட்பார்கள். பிடிபடாத பாடத்தைத் திரும்பக் கேட்டு, விட்டுப்போன நாளையும் கழித்தால், நான்கு மாதத்தில் இரண்டு நிலை முடித்தாலே பெரிய விஷயம். அதனால் எல்லா நிலைகளையும் கட்டாக வாங்காதீர்கள். (பிரெஞ்சு சிடி பெட்டி ஒன்றை மொத்தமாக வாங்கி மூன்றாவது சிடியோடு நின்றவன் சொல்கிறேன்.) மிஷேல் தாமஸ் கோர்ஸ் வேறு மாதிரி. ஆசிரியரோடு இரண்டு மாணவர்கள் இருப்பார்கள், நீங்கள் மூன்றாவது ஆள். வாக்கியம் எப்படிக் கட்டுவது என்பது வேகமாகப் புரியும், ஆனால் அந்த மாணவர்களின் தப்பையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சிலருக்கு எரிச்சல் வரும். இரண்டிலும் விளக்கம் ஆங்கிலத்தில்தான்.

நானாக இருந்தால் முதல் இரண்டு வாரம் காசே கொடுக்க மாட்டேன். லாங்குவேஜ் டிரான்ஸ்ஃபர் என்ற திட்டத்தின் இத்தாலியன் அறிமுகப் பாடங்கள் இலவசம். தினமும் உட்கார முடிகிறதா என்று அதில் தெரிந்துவிடும். முடிந்தால் மாதச் சந்தா எடுங்கள். ஆண்டுச் சந்தா வேண்டாம், உங்களுக்கு இருப்பதே நான்கு மாதம்.

சந்தாவில் ஒரு பொறி. போனிலிருந்து ஆப்பை அழித்தால் சந்தா நின்றுவிடாது. பிளே ஸ்டோர் வழியாகக் கட்டியிருந்தால் அங்கேயே போய் ரத்து செய்ய வேண்டும். கார்டில் தானாகப் பணம் எடுப்பதென்றால், ரிசர்வ் வங்கி விதிப்படி 24 மணி நேரம் முன்பே வங்கியிலிருந்து தகவல் வர வேண்டும். வந்தால் படிக்காமல் தள்ளிவிடாதீர்கள், அப்போதே நிறுத்தலாம். ரத்து செய்தும் பணம் போனால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கோர்ஸில் ஓட்டல் அறை, காபி, ஸ்டேஷனுக்கு வழி எல்லாம் வரும். உங்கள் பட்டறைச் சொற்கள் வராது. தோல் 'பெல்லே', தோல் பதனிடும் ஆலை 'கொன்செரியா', தோலைப் போட்டுச் சுழற்றும் டிரம் 'போத்தாலே'. இப்படி ஐம்பது சொற்களை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள். அர்சிஞானோ தோல் ஊர், அங்கே இவைதான் முதல் நாளே காதில் விழும். தங்களுக்குள் வெனெத்தோ வட்டாரப் பேச்சு பேசுவார்கள், அது புரியவில்லை என்று கோர்ஸைத் திட்டாதீர்கள்.

தமிழ் பேசுகிறவர்களுக்கு ஒரு சௌகரியம் உண்டு. கனம், கன்னம் வித்தியாசம் நமக்குப் பழக்கம். இத்தாலியனில் 'நோனோ' ஒன்பதாவது, 'நொன்னோ' தாத்தா. வயதைச் சொல்லும்போது 'அன்னி' என்று அழுத்தாமல் 'அனி' என்றால் ஆசனவாய் என்று பொருள், பட்டறையே சிரிக்கும். ஆனால் குறிப்பைத் தமிழ் எழுத்தில் எடுக்காதீர்கள். மோட்டார் பைக்குக்கு ஒரு சொல் (moto), 'விதம்' என்பதற்கு ஒரு சொல் (modo), முதலாவதில் அழுத்தமான த, இரண்டாவதில் மெலிந்த த. தமிழில் எழுதினால் இரண்டுமே 'மோதோ'தான். இத்தாலிய எழுத்திலேயே எழுதிப் பழகுங்கள்.