புட்டிப்பால் குடிக்கும் குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் பிற்காலத்தில் உடல் பருமன் வருமா?

ஏழு மாதப் பையன், பவுடர் பால்தான் குடிக்கிறான், பார்ப்பவர்கள் எல்லோரும் மெச்சுகிறார்கள், தனக்கு மட்டும் பயமாக இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைக்குப் போகும் அம்மா என்று நினைக்கிறேன். உங்கள் பயம் எனக்குப் புரிகிறது.

நாங்கள் டெல்லி ஆர்.கே.புரத்தில் இருக்கிறோம். மகன் பிறந்தது 2014-ல். தனியார் வேலையில் அப்போது பிரசவ விடுப்பு 12 வாரம்தான்; 26 வாரமானது 2017-ல். பால் எடுத்து வைக்க அலுவலகத்தில் கழிப்பறையைத் தவிர வேறு இடம் கிடையாது. கொஞ்ச நாளில் பால் வற்றிவிட்டது. அப்புறம் டின் பால்தான்.

புட்டியில் 180 மில்லி கோடு வரை கலக்குவேன். 150 ஆனதும் அவன் நாக்கால் நிப்பிளை வெளியே தள்ளி முகத்தைத் திருப்பிக்கொள்வான். "இன்னும் ரெண்டு வாய்தாம்மா, கீழே கொட்டாதே" என்பார் அத்தை. நான் விரலால் கன்னத்தைத் தட்டி, நிப்பிளை மறுபடி வாயில் வைத்து லேசாக ஆட்டுவேன். அரைத்தூக்கத்திலேயே உறிஞ்சி முடித்துவிடுவான். பகலெல்லாம் பக்கத்தில் இல்லாத குறை, புட்டி காலியானால் தீர்ந்தது போல இருக்கும். அத்தையைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. கஞ்சிக்கே வழியில்லாமல் வளர்ந்தவர் அவர். மிச்சம் வைப்பதைப் பார்க்க அவருக்கு மனசு வராது. ஊட்டியது என் கைதான்.

பகலில் அவனைப் பார்த்துக்கொண்ட காப்பகத்து அம்மா, கெட்டியாக இருந்தால் நன்றாகத் தூங்குவான் என்று 30 மில்லிக்கு ஒரு கரண்டி என்ற கணக்கை மீறி ஒன்று கூடவே போட்டிருக்கிறார். அது எனக்குத் தெரியவே பல மாதங்கள் ஆயின. எல்லோரும் "அமுல் பேபி" என்றார்கள், நானும் பூரித்துப்போனேன்.

ஒன்பது வயதில் பள்ளிப் பரிசோதனைச் சீட்டில் 'அதிக எடை' என்று எழுதி வந்தது. குழந்தைகள் டாக்டர் கைக்குழந்தைக் காலத்தில் எப்படி ஊட்டினீர்கள் என்றுகூடக் கேட்டார். மார்பில் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் தானே விட்டுவிடும், எவ்வளவு குடித்தது என்று நமக்குத் தெரியாது. புட்டியில் கோடு இருப்பதால் நாம் கோட்டைப் பார்த்தே ஊட்டுகிறோம். அப்புறம் புரதம். தாய்ப்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 1 கிராம், பெரும்பாலான பவுடர் பாலுக்கு மூலமான பசும்பாலில் 3 கிராமுக்கு மேல். ஐரோப்பாவில் ஐந்து நாடுகளில் நடந்த ஆய்வில், புரதம் கூடுதலான பவுடர் பால் குடித்த குழந்தைகளில்தான் ஆறு வயதில் பருமன் அதிகம் இருந்தது.

பவுடர் பால் கொடுப்பவர்களைக் குற்றம் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வரவேண்டாம், நானே கொடுத்தவள். தாய்ப்பால் கொடுத்தால் குண்டாகவே மாட்டான் என்று சத்தியம் செய்யவும் முடியாது. பெலாரஸில் தாய்ப்பாலை ஊக்குவித்துச் செய்த பெரிய ஆய்வில், பதினோரு வயதில் எடையில் அந்தப் பலன் தெரியவில்லை. ஏழு மாதத்தில் கன்னம் உப்பியிருப்பதும் நோய் அல்ல. நடக்க ஆரம்பித்ததும் பல குழந்தைகள் இளைத்துவிடும். எடையை மட்டும் பார்க்காமல் நீளத்தோடு சேர்த்து உலக சுகாதார அமைப்பின் வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். 2006-ல் வந்த அந்த அட்டைக்காக ஆறு நாடுகளில் குழந்தைகளை அளந்தார்கள், அதில் எங்கள் டெல்லிக் குழந்தைகளும் உண்டு.

ஏழு மாதம் என்றால் இட்லி, பருப்பு சாதம், மசித்த காய் எல்லாம் ஆரம்பித்திருப்பீர்கள். சர்க்கரை, தேன், ஜூஸ் எதுவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டால் கிண்ணத்தைக் கீழே வைத்துவிடுங்கள். என் மகளுக்கு அப்படித்தான் செய்தேன். முதல் தடவை மிச்சப் பாலைத் தொட்டியில் ஊற்றியபோது கை நடுங்கியது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பையன் ஓடியாடி எடையைக் குறைக்கட்டும் என்கிறார்கள், எங்கே ஓடுவான்? எங்கள் குடியிருப்புப் பூங்காவில் "பந்து விளையாடத் தடை" என்று பலகை வைத்திருக்கிறார்கள். நவம்பர் வந்தால் புகையில் வெளியே அனுப்பவே முடியாது. பலகையை எடுக்கச் சொல்லி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன், பதிலே இல்லை. நாலாவது முறையும் எழுதப்போகிறேன்.

உங்கள் பையனின் எடையும் நீளமும் அட்டையில் எந்தக் கோட்டில் இருக்கின்றன என்று கீழே சொல்லுங்கள். என் மகனுடைய பழைய அட்டை பத்திரமாக இருக்கிறது, எடுத்துப் பார்த்துச் சொல்கிறேன்.