மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பீரில் ஹைட்ரோமீட்டர் ஏன் குறைத்துக் காட்டுகிறது?

கேள்வி: 3 கிலோ திரவ மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (முளைகட்டிய தானியத்திலிருந்து எடுத்த சர்க்கரைப் பாகு) 20 லிட்டர் பீர் போட்டேன். 1.045 வர வேண்டிய அடர்த்தியை ஹைட்ரோமீட்டர் (அடர்த்தி அளக்கும் மிதவை; தண்ணீருக்கு 1.000) 1.036 என்று காட்டுகிறது. சர்க்கரை சேர்க்கலாமா?

பதில்: சேர்க்காதீர்கள்.

நான் பீர் காய்ச்சுபவன் அல்ல. காரைக்குடியில் பேட்டரிக் கடை வைத்திருப்பவன். இங்கே வீட்டில் காய்ச்சினால் 1937ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டம் வாசலில் வந்து நிற்கும். மெல்போர்னில் இருக்கும் அக்கா மகனுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவனும் இதையேதான் கேட்டான்: “மாமா, நாள் முழுக்க ஹைட்ரோமீட்டரும் கையுமாக இருக்கிறீர்களே, இது என்ன கோளாறு?”

“காய்ச்சிய பிறகு மேலே தண்ணீர் ஊற்றினாயா?” என்றேன். ஊற்றியிருக்கிறான். பாதி அளவு காய்ச்சி, மீதிக்குப் பச்சைத் தண்ணீரை நிரப்பி, கரண்டியால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, மேலாக முகந்து அளந்திருக்கிறான். என் கடையில் இது அன்றாடக் கூத்து. பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிய கையோடு அளந்தால், ஆசிட் செத்துப்போனது போலக் காட்டும். சார்ஜில் போட்டுக் குமிழி கிளம்பிக் கலந்த பிறகுதான் உண்மை தெரியும். கனமானது அடியில் தங்கிவிடும். அவன் வாளியின் அடிக் குழாயில் பிடித்திருந்தால் அளவு கூடுதலாக வந்து, வேறு விதமாகப் பதறியிருப்பான்.

தானியத்தை ஊறவைத்துச் சர்க்கரை இறக்குபவர்களுக்குத்தான் எவ்வளவு இறங்கியதோ என்ற கவலை. எக்ஸ்ட்ராக்டில் சர்க்கரை டப்பாவிலேயே இருக்கிறது. எடையும் கொள்ளளவும் சரியென்றால் அடர்த்தி எங்கே போகும்? திரவ எக்ஸ்ட்ராக்ட் ஒரு கிலோ, 10 லிட்டரில் ஏறத்தாழ 30 புள்ளி, அதாவது 1.030, தரும். உங்கள் 3 கிலோவுக்கு 20 லிட்டரில் 45. பொடியானால் கிலோவுக்கு 36, 37. அந்த எண்ணைத் திரவத்துக்குப் போட்டு ஏமாந்தவர்களும் உண்டு. வாளியில் இருப்பது 20 லிட்டர்தானா என்றும் பாருங்கள். 23 லிட்டர் ஆகியிருந்தால் 1.039தான்.

சூடும் ஏமாற்றும். அக்கா மகன் விடுமுறைக்கு வந்தபோது தன் மீட்டரைக் கொண்டுவந்தான். (என் கடை மீட்டரில் 1.100க்குக் கீழே கோடே கிடையாது.) மே மாத மதியம், வளவில் உட்கார்ந்து டிஸ்டில்டு வாட்டரில் மிதக்கவிட்டோம். 1.000 காட்ட வேண்டியது 0.996 காட்டியது. மீட்டர் 20 டிகிரிக்குச் செய்தது. தண்ணீரோ 36 டிகிரி. 40 டிகிரியில் 0.006 வரை குறையும். ஆறவிட்டுத்தான் அளக்க வேண்டும். நொதித்து முடிந்த பீரில் இதற்கு நேர்மாறு: குமிழிகள் ஒட்டிக்கொண்டு மீட்டரைத் தூக்கிவிடும், அளவு கூடித் தெரியும். மீட்டரை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் படியுங்கள்.

ஈஸ்ட் போட்டு ஒரு நாள் ஆகிவிட்டதென்றால் முதல் அளவை இனிமேல் எடுக்க முடியாது. எடையும் லிட்டரும் சரியாக இருந்தால் 1.045 என்றே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா மகனும் அப்படித்தான் எழுதினான். அக்காவுக்கு மட்டும் இன்றுவரை, நாங்கள் இருவரும் போனில் பேசுவது ஏதோ பேட்டரி விஷயம் என்று நினைப்பு.