பழைய ஆபீஸ் மேஜை, நாற்காலியை யாருக்குக் கொடுக்கலாம்?

கேள்வி: அஸ்தம்பட்டியில் உள்ள எங்கள் ஆபீஸைச் சின்ன இடத்துக்கு மாற்றுகிறோம். மேஜை, ரிவால்விங் சேர், ஸ்டீல் பீரோ எல்லாம் மிச்சம். காயலான் கடைக்குப் போடாமல் முதியோர் இல்லத்துக்கோ ஏற்காட்டுப் பள்ளிக்கோ கொடுக்கலாமா? வரிச்சலுகை உண்டா?
- ஒரு வாசகர், சேலம்

பதில்: தாராளமாகக் கொடுங்கள். ஆனால் என்ன தேவை என்று முதலில் போனில் கேட்டுவிடுங்கள், போட்டோவும் அனுப்புங்கள். ரிவால்விங் சேரை முதியோர் இல்லத்துக்குத் தரவே வேண்டாம், பெரியவர்கள் கையை ஊன்றி எழும்போது சக்கரம் பின்னால் நழுவிவிடும், விழுந்தால் இடுப்பெலும்பு போச்சு. கைப்பிடி வைத்த நாலுகால் நாற்காலிதான் அவர்களுக்குச் சரி. ஏற்காட்டுக்கு மரமும் ஸ்டீலும் போகட்டும். பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளை அழுத்திச் செய்த பலகை) மேஜை அந்த மலை ஈரத்தில் ஓரம் உப்பி, ஸ்க்ரூ பிடிக்காமல் ஆடும். அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள்.

குட்டியானை வாடகை, ஏற்றி இறக்கும் கூலி இரண்டும் உங்கள் செலவாக இருக்கட்டும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறவேண்டிய வண்டிக்கு அவர்களைக் காசு கொடுக்கச் சொல்வது நியாயமே இல்லை.

வரி விஷயம்: நன்கொடைக்கான வருமான வரிக் கழிவு (80ஜி என்பார்கள்) பணமாகத் தந்தால்தான், பொருளுக்குக் கிடையாது. வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாக (நீங்கள் கட்டவேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து) எடுத்திருந்தால் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், இலவசமாகத் தரும் பொருளுக்கு அதைத் திருப்ப வேண்டிவரலாம்.

அப்புறம், டிராயரையெல்லாம் கவிழ்த்துப் பாருங்கள், வாடிக்கையாளரின் ஆதார் நகல் உள்ளே கிடக்கலாம். பீரோ சாவியை அதன் கைப்பிடியிலேயே கட்டி அனுப்புங்கள்.