மருத்துவமனையில் தங்கப்போகும் மகளுக்கு

கேள்வி: நான் திருமங்கலம் அருகே ஒரு கிராமத்தில் பதினொன்றாம் வகுப்பு படிக்கிறேன். வயது 16. சில மாதங்களாகத் தூக்கம் இல்லை. படிப்பது எதுவும் மனத்தில் நிற்பதில்லை. வாழவே பிடிக்கவில்லை என்று மருத்துவரிடம் சொன்னேன். மதுரையில் இரண்டு வாரம் தங்கிச் சிகிச்சை பெற வேண்டும் என்று சொல்லிவிட்டார். அம்மா விடியற்காலையில் மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குப் போகிறவர். அவர் வர முடியாவிட்டால் நான் அங்கே தனியாக இருக்க வேண்டுமா? “சங்கிலியில் கட்டிப்போட்டுக் கரண்ட் வைப்பார்கள், பாண்டி கோயிலில் கயிறு கட்டினால் சரியாகிவிடும்” என்கிறார் அப்பத்தா. அங்கே என்னதான் நடக்கும்? பள்ளிக்குத் தெரிந்துவிடுமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்பு மகளுக்கு, மருத்துவரிடம் சொன்ன அதே வார்த்தையை இன்றே அம்மாவிடமும் சொல்லிவிடு. சேரும் நாள் வரை இரவில் தனியாகப் படுக்க வேண்டாம். அந்த எண்ணம் வலுத்தால் குறித்த தேதி வரட்டும் என்று காத்திராமல், எந்த நேரமானாலும் அரசு ராஜாஜி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு உன்னை அழைத்துப் போகச் சொல். 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

அப்பத்தாவின் அச்சத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன். 2001 ஆகஸ்ட் 6 அன்று, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். அந்தச் செய்தியைக் கேட்ட தலைமுறை அவருடையது. ஆனால் இன்று நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சங்கிலியையும் தனியறையில் அடைத்து வைப்பதையும் அறவே தடை செய்திருக்கிறது. ஒருவர் தமக்கோ பிறருக்கோ உடனடித் தீங்கு செய்துகொள்ளும் நிலையில், வேறு வழியே இல்லாதபோது மட்டும், சிறிது நேரம் கட்டுப்படுத்தலாம். அதையும் பதிவேட்டில் எழுதி, 24 மணி நேரத்துக்குள் குடும்பத்துக்குத் தெரிவிக்க வேண்டும். அப்பத்தா கரண்ட் என்று சொல்லும் மின் அதிர்வு சிகிச்சையை, பெற்றோரின் சம்மதமும் இந்தச் சட்டத்தின்கீழ் அமைந்த மனநல மறுஆய்வு வாரியத்தின் முன்அனுமதியும் இல்லாமல் 18 வயது நிரம்பாத யாருக்கும் கொடுக்க முடியாது. பெரியவர்களுக்குக்கூட மயக்க மருந்து இல்லாமல் அதைச் செய்யக் கூடாது. பாண்டி கோயில் கயிறு உனக்கு ஆறுதல் என்றால் கட்டிக்கொள். ஆனால் அதற்காகச் சேரும் நாளைத் தள்ளிப்போடாதே.

நீ தனியாக இருக்கப்போவதில்லை. உன் வயதில் ஒருவரைச் சேர்த்தால், சிகிச்சை முடியும்வரை பெற்றோரோ அவர்கள் உடனிருக்க ஏற்பாடு செய்யும் ஒருவரோ கூடவே தங்க வேண்டும் என்பது சட்டம். பெண் பிள்ளைக்குத் துணையாக இருப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு மார்க்கெட்டை விட முடியாது என்றால், அத்தையோ சித்தியோ மாறி மாறி இருக்கலாமா என்று முன்கூட்டியே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். பெரியவர்களின் வார்டில் உன்னைப் படுக்க வைக்கவும் கூடாது. சேர்ப்பதற்கு முன் ஒரு மனநல மருத்துவரும், இன்னொரு மருத்துவரோ மனநல வல்லுநரோ ஒருவரும் தனித்தனியே உன்னைப் பார்த்துப் பேசி, வெளியிலிருந்தே குணப்படுத்த முடியாது என்று முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

முதல் நாள்தான் கடினம். பையைத் திறந்து பார்த்து, பிளேடு, கண்ணாடிப் பொருள், சார்ஜர் ஒயர், சில இடங்களில் துப்பட்டாவைக்கூட வாங்கி வைத்துக்கொள்வார்கள். அது உன்மேல் உள்ள சந்தேகம் அன்று, எல்லோருக்கும் பொதுவான விதி. இரத்தப் பரிசோதனை செய்வார்கள். இரத்தச் சோகையும் தைராய்டு குறைபாடும்கூட இதே சோர்வைத் தரும் என்பதால் அதை முதலில் பார்த்துவிடுவது நல்லது. இரவில் செவிலியர் பலமுறை வந்து பார்த்துப் போவார். சொல்லியதையே மூன்று பேரிடம் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும். சலிப்பாகத்தான் இருக்கும், இருந்தாலும் எதையும் குறைத்துச் சொல்லாதே.

அதன் பிறகு நாட்கள் ஒரே மாதிரி போகும். குறித்த நேரத்தில் எழுவது, சாப்பிடுவது, செவிலியர் முன்னால் மாத்திரை விழுங்குவது, உளவியலாளரிடம் பேசுவது, குழுவாக உட்கார்ந்து ஏதேனும் செய்வது, படுப்பது. இந்த ஒழுங்கே சிகிச்சையில் பாதி என்று நான் நினைக்கிறேன், ஏனென்றால் மாதக்கணக்கில் குலைந்துபோன தூக்கம் முதலில் இதனால்தான் திரும்பும். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்யத் தொடங்கவே இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். தொடக்கத்தில் வயிற்றுப் புரட்டலும் படபடப்பும் வரலாம். உன் வயதினர் சிலருக்கு அந்தக் கெட்ட எண்ணமே சற்று அதிகரிக்கவும் கூடும். அப்படி நேர்ந்தால் உடனே சொல். அதைக் கவனித்து அளவை மாற்றுவதற்காகத்தான் உன்னைத் தங்கச் சொல்கிறார்கள். அம்மா அப்பாவையும் ஒருநாள் உட்கார வைத்துப் பேசுவார்கள். எனக்குத் தெரிந்த குடும்பங்களில் பிள்ளையைவிடப் பெற்றோர் அதிகம் அழுதது அந்த அறையில்தான்.

பள்ளியைப் பற்றிக் கேட்டிருந்தாய். உன் நோய் விவரத்தை வெளியாருக்குச் சொல்ல மருத்துவமனைக்கு உரிமை இல்லை. விடுப்புச் சான்றிதழில் நோயின் பெயரை எழுதாமல் ஓய்வு தேவை என்று மட்டும் குறிப்பிடும்படி கேட்கலாம். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மருத்துவர் பெற்றோரிடம் சொல்லியே தீருவார்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்த முதல் சில வாரங்களில் கூடுதல் கவனம் வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையை நீயாக நிறுத்தாதே; அடுத்து வர வேண்டிய தேதியைக் கையில் வாங்காமல் வார்டை விட்டு வராதே. பிடித்த சுடிதார், ஒரு நோட்டு, தலையணை உறை ஆகியவற்றை எடுத்துப் போ. உன் சொந்த உடையை அணிய உனக்கு உரிமை உண்டு. அப்பத்தாவை ஒருநாள் மாலை பார்வையாளர் நேரத்தில் அழைத்து வரச் சொல். நீ கட்டிலில் உட்கார்ந்து சாப்பிடுவதை அவர் கண்ணால் பார்க்கட்டும்.