எம்1 கேரண்ட் துப்பாக்கியில் அப்படி என்ன விசேஷம்?

இரண்டாம் உலகப் போரில் பெரும்பாலான நாட்டுச் சிப்பாய்கள் ஒவ்வொரு முறை சுட்டதும் குழலின் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தள்ள வேண்டியிருந்தது. எம்1 கேரண்ட் வைத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்க்கு அந்த வேலை இல்லை, விசையை அழுத்தினால் போதும். தோட்டா வெடிக்கும்போது வரும் வாயுவே ஒரு தண்டைப் பின்னுக்குத் தள்ளி, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும்.

வடிவமைத்தவர் ஜான் கேரண்ட். கனடாவின் கியூபெக்கில் பிறந்து, ஸ்பிரிங்ஃபீல்டு அரசு ஆயுத ஆலையில் வேலை பார்த்தவர். முதலில் .276 அங்குல அளவுத் தோட்டாவுக்குத்தான் செய்தார். கிடங்குகளில் .30 தோட்டா குவிந்து கிடந்ததால், 1932இல் ராணுவத் தலைமைத் தளபதி மெக்ஆர்தர் அதற்கே மாற்றச் சொல்லிவிட்டார். 1936இல் ராணுவம் ஏற்றுக்கொண்டது.

எட்டுத் தோட்டாக்களை, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் இரும்புக் கிளிப்போடு மேலிருந்து அழுத்த வேண்டும். கட்டைவிரலைச் சட்டென்று எடுக்காவிட்டால் போல்ட் வந்து நசுக்கிவிடும். 'எம்1 கட்டைவிரல்' என்றே அதற்குப் பெயர்! கடைசித் தோட்டா போனதும் கிளிப் 'டிங்' என்று துள்ளி விழும். அந்தச் சத்தம் கேட்டு எதிரி பாய்ந்து வருவான் என்பதெல்லாம், என்னைக் கேட்டால், கொஞ்சம் மிகை. போர்க்களத்து இரைச்சலில் அது யார் காதில் விழும்?

50 லட்சத்துக்கும் மேல் தயாரானது. கேரண்டுக்கு உரிமத்தொகை கிடையாது, காப்புரிமையை அரசுக்கே கொடுத்துவிட்டார். அப்புறம் 1957இல் எம்14 துப்பாக்கி தேர்வானது, அதுவும் இதன் வாரிசுதான்.