ஆறிப்போன தேத்தண்ணி

கேள்வி: எனக்கு 36 வயது. முன்பள்ளியில் படிப்பிக்கிறேன். கணவர் கட்டாரில். இரண்டு பிள்ளைகள். மாமி பாரிசவாதம் வந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறார். காலையில் மட்டும் அயல்வீட்டு அக்கா பார்ப்பார். நாலு மணிக்கு எழும்பினால் படுக்கப் பதினொன்றாகும். போன கிழமை ஒரு தேத்தண்ணியை மூன்று தரம் சூடாக்கி, கடைசியில் குடிக்காமலே ஊற்றிவிட்டேன். அன்று சின்னவன் சோற்றைக் கொட்டியதற்கு அடித்துவிட்டு இரவு முழுக்க அழுதேன். "உன்னையும் கவனி" என்கிறார்கள். ஆனால் சும்மா இருந்தாலே குற்றம் செய்த மாதிரி இருக்கிறது. என்ன செய்வது?
- வாசகி, கழுவாஞ்சிக்குடி

பதில்: அன்புத் தங்கச்சி, மாமியின் கஞ்சி ஆறினால் திரும்பச் சூடாக்கிப் பருக்குவீர்கள். உங்களுடையதை மட்டும் வாளிக்குள் ஊற்றுகிறீர்கள். கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த இடம்தான்.

என் அம்மாவின் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கம். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை இக்கரைக்கு வருவதென்றால் பாதையில்தான், ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். வீட்டில் அம்மா காலை நீட்டி இருந்து நான் கண்டதில்லை. பாதையில் ஏறினால் மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு, பையை மடியில் வைத்து, ஒரு வாய் வெற்றிலையோடு வாவியைப் பார்த்தபடி இருப்பா. யாரும் குறை சொல்ல முடியாது, பாதை தன்பாட்டில்தானே போகும்! கரை தட்டியதும் திரும்ப ஓட்டம். பாலம் வந்தது பெரிய உதவிதான், பிள்ளைத்தாச்சிகளை வேளைக்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம். ஆனால் அம்மாவின் அந்த இருப்பு போய்விட்டது. இப்போது பஸ்ஸில் வரும்போதும் மடியில் வைத்துக் கீரை ஆய்கிறா.

உங்கள் நாளிலும் ஒரு பாதை ஓட வேண்டும். அயல்வீட்டு அக்காவிடம் இன்னும் இருபது நிமிடம் கேளுங்கள், சும்மா வேண்டாம், ஞாயிறு பிட்டு அவித்தால் அவருக்கும் ஒரு கோப்பை கொடுங்கள். முன்பள்ளி முடிந்து வந்ததும் தேத்தண்ணியைச் சுடச்சுட ஊற்றி, வாசலில் கதிரையைப் போட்டு இருந்து குடியுங்கள். போன் உள்ளேயே கிடக்கட்டும். கீரை ஆயக் கூடாது. முதல் நாலு நாளும் அந்தக் குற்ற உணர்ச்சி பக்கத்தில் வந்து குந்தும். குந்தட்டும், எழும்பாதீர்கள்.

இன்னொன்று, எல்லாக் களைப்பும் மனதால் வருவதில்லை. மிட்வைஃப் மிஸ்ஸிடம் சொல்லி இரத்தம் சோதியுங்கள். ஹீமோகுளோபின் 12க்குக் கீழே என்றால் அது இரத்தச்சோகை. படியேற மூச்சு வாங்கும், சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழ வரும். அதற்கு என் புத்திமதி தேவையில்லை, குளிசை தேவை. தேத்தண்ணியைச் சோற்றோடு குடிக்கவும் வேண்டாம், அது இரும்புச்சத்தைச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள். முருங்கையிலை வறைக்குத் தேசிக்காய் பிழிந்தால் நல்லது.

மாமியைப் புரட்டிப் படுக்கவைக்க இரவிலும் எழும்புவீர்கள் என்று நினைக்கிறேன். படுக்கைப்புண் வராமலிருக்க அது தேவைதான். காற்று மெத்தை போட்டால் எத்தனை மணிக்கு ஒருதரம் புரட்டலாம் என்று கிளினிக்கில் கேளுங்கள். கணவருக்குக் கூடப்பிறந்தவர்கள் இருந்தால், "நேரம் கிடைத்தால் வாங்க" என்று சொல்லாதீர்கள், ஒருவருக்கும் நேரம் கிடைக்காது. "இந்தச் சனி இரவு நீங்கள் மாமியோடு படுங்கள்" என்று நாள் குறித்துக் கேளுங்கள். முகம் சுளிப்பார்கள், சரி, சுளிக்கட்டும். கணவரிடமும் "எல்லாம் நல்லம்" என்று போனை வைக்காமல், எனக்கு எழுதியதை அப்படியே வாசித்துக் காட்டுங்கள்.

இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை வராமல், எதிலும் மனம் ஒட்டாமல் அழுகையே வந்தால் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்குப் போங்கள். வாழவே வேண்டாம் என்ற நினைப்பு ஒருதரம் வந்தாலும் காத்திருக்க வேண்டாம். மனநல உதவிக்கான 1926 என்ற இலக்கத்துக்கு இரவிலும் அழைக்கலாம்.

பிறகு, சின்னவனிடம் "அம்மா அடித்தது பிழை" என்று சொன்னீர்களா? இல்லையென்றால் இன்றைக்கே சொல்லுங்கள். இரவு முழுக்க நீங்கள் அழுதது அவனுக்குத் தெரியாது.