லைன் அண்ணாச்சி பதில்கள்: ஏழு மணிக்கு மேல் இழுக்கும் நெட்

செங்கோட்டையில் பத்து நாளாகச் சாரல் விடவில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறைதான்: நன்றாக ஓடிக்கொண்டிருந்த வீட்டு நெட் இப்போது இழுக்கிறது. கம்பம் ஏறியும் ஜாயின்ட் போட்டும் டெலிபோன் லைனில் 31 வருடம் வேலை பார்த்தவன் நான். லைன் கெட்ட வீட்டின் தவிப்பை நேரில் பார்த்துப் பார்த்துப் பழகியவன். அதனால் முதல் கேள்விக்குக் கூடுதலாக இடம் எடுத்துக்கொள்கிறேன்.

அண்ணாச்சி, எங்களுக்குப் புளியரை. வீட்டில் இருந்தபடியே ஒரு கம்பெனிக்குக் கணக்கு எழுதுகிறேன். 100 மெகாபிட் ஃபைபர் லைன். சித்திரை வரை ஒரு குறையும் இல்லை. இப்போது சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் ஒரு பில்லை ஏற்ற ஐந்து நிமிடம் ஆகிறது. போன் செய்தால், "ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதோடு முடித்துவிடுகிறார்கள். 300 மெகாபிட் பிளானுக்கு மாறிவிடலாம் என்கிறார் வீட்டுக்காரர். மாறலாமா?
வாசகி, புளியரை

தங்கச்சி, இப்போதைக்கு மாற வேண்டாம். மாதாமாதம் கூடுதலாகக் கட்டிய பிறகும் ஏழு மணிக்கு இதே கதைதான் என்றால் வயிறு எரியும். நெட் எந்த இடத்தில் தேங்குகிறது என்பதை முதலில் கண்டுபிடிப்போம்.

தேங்கக்கூடிய இடம் மூன்று. ரூட்டருக்கும் உங்கள் லேப்டாப்புக்கும் நடுவில் உள்ள வைஃபை. கம்பத்தில் இருந்து வீட்டுக்கு வரும் ஃபைபர். அதற்கு அப்பால் நெட் கம்பெனிக்காரர் கையில் இருப்பது. எதில் கோளாறு என்றாலும் திரையில் அதே வட்டம்தான் சுற்றும். வைத்தியம் மட்டும் வேறு வேறு.

ஒரு பழைய நோட்டை எடுங்கள். லேப்டாப்பை லேன் வயரால் நேராக ரூட்டரில் மாட்டி, அதன் வைஃபையை அணைத்துவிடுங்கள். வீட்டில் மற்ற போன், டிவி எதுவும் அந்த நேரம் நெட்டைத் தொடக்கூடாது. காலை 6, மதியம் 3, இரவு 8, இரவு 11 என்று நான்கு வேளை ஸ்பீடு டெஸ்ட் போடுங்கள். இறங்கும் வேகம், ஏறும் வேகம், பிங் (தகவல் போய்த் திரும்பி வர எடுக்கும் நேரம்) மூன்றையும் நேரத்தோடு எழுதுங்கள். பில் ஏற்றுவது உங்கள் வேலை என்பதால் ஏறும் வேகத்தை விட்டுவிடாதீர்கள். பலர் அந்த எண்ணைப் பார்ப்பதே இல்லை. ஒவ்வொரு வேளையும் முடிந்ததும் வயரைக் கழற்றி, வழக்கமாக உட்காரும் இடத்தில் வைஃபையில் ஒரு முறை போட்டு அதையும் பக்கத்தில் எழுதுங்கள். ஐந்து நாள் போதும்.

வயரில் எந்நேரமும் 90-க்கு மேல் வந்து, வைஃபையில் மட்டும் விழுகிறது என்றால் கோளாறு வீட்டுக்குள். இதிலும் சாயங்காலக் கணக்கு ஒன்று உண்டு. பழைய 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. எல்லோரும் வீடு திரும்பும் நேரத்தில் தெருவில் உள்ள ரூட்டர்கள் எல்லாம் அந்த மூன்றில்தான் முட்டிக்கொள்கின்றன. அதனால் "ஏழு மணிக்கு மேல்தான்" என்பதை வைத்து மட்டும் கம்பெனியைக் குற்றம் சொல்ல முடியாது. வயரில் போடச் சொல்வது இதைப் பிரித்துப் பார்க்கத்தான். கோளாறு வைஃபையில் என்றால் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் பெயருக்கு மாற்றுங்கள். அது சுவரைத் தாண்டிப் போவதில் கொஞ்சம் பலவீனம்; ஆனால் நெரிசல் குறைவு. ரூட்டரை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ டிவிக்குக் கீழேயோ வைக்காதீர்கள். நம் பக்கத்துப் பழைய வீடுகளில் சுவர் கனம் அதிகம். முன்னறையில் இருக்கும் பெட்டியைப் பட்டாசாலைக்குக் கொண்டுவந்து ஆள் உயரத்தில் வைத்தாலே நல்ல வித்தியாசம் தெரியும்.

காலையில் வயரில் 95, இரவு 8-க்கு அதே வயரில் 15 என்று வந்தால் கோளாறு வெளியே. ஃபைபரில் ஒரு இழையை ஸ்ப்ளிட்டர் வைத்து 32 வீட்டுக்கோ 64 வீட்டுக்கோ பிரிக்கிறார்கள். ஜிபான் என்ற முறையில் அந்த ஒரு இழைக்குக் கீழ்நோக்கி வருவது மொத்தம் 2.5 கிகாபிட். அது பெரும்பாலும் போதுமான அளவுதான். நெருக்கடி வருவது அதற்கும் மேலே, ஊருக்குள் லைன் கொடுப்பவர் பெரிய கம்பெனியிடம் வாங்கி வைத்திருக்கும் மொத்த அளவில். குண்டாறு அணையில் திறக்கிற தண்ணீர் அதேதான், கீழே வயல் மட்டும் கூடிக்கொண்டே போகிறது என்றால் கடைமடை காயாதா? அதே நிலைமைதான். இதில் 300 பிளான் வாங்குவது உங்கள் வயலின் வரப்பை மட்டும் வெட்டி அகலப்படுத்துகிற மாதிரி. வாய்க்காலில் தண்ணீர் கூடாது.

இரண்டுமே இல்லை, விடியற்காலையிலும் வயரில் குறைவுதான் என்றால் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, மாத அளவு. "அன்லிமிடெட்" என்று எழுதிய பிளானிலும் குறிப்பிட்ட அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைக்கும் விதி இருக்கலாம். கம்பெனி ஆப்பில் இந்த மாதம் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரியும். மாதக் கடைசியில் மட்டும் இழுக்கிறது என்றால் அநேகமாக இதுதான்.

இன்னொன்று, ஃபைபரில் வரும் ஒளி. இது என் வீட்டிலேயே நடந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஆனி மாதக் காற்றில் நெட் இழுக்கவும், விட்டு விட்டு நிற்கவும் ஆரம்பித்தது. மூன்று வாரத்தில் இரண்டு தடவை பெட்டியை மாற்றினார்கள். ஒன்றும் ஆகவில்லை. மூன்றாவது தடவை வந்த பையனிடம், "தம்பி, பெட்டியை விடு. பவர் எவ்வளவு வருது பாரு" என்றேன். ஒளியை அளக்கும் மீட்டரில் மைனஸ் 28 டிபிஎம் காட்டியது. இந்தப் பெட்டிகளுக்கு மைனஸ் 27 வரைதான் தாங்கும் என்பது கணக்கு. அதற்குக் கீழே போனால் பிழை கூடி, அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டி வரும். நமக்கு அது வேகக் குறைவாகத் தெரிகிறது. வயர் போகும் வழியே குடையோடு இருவரும் நடந்தோம். நாலாவது கம்பத்தில் குரங்குகள் தொங்கி இழுத்ததில் வீட்டுக்கு வரும் டிராப் வயர் கொக்கியில் மடங்கிக் கிடந்தது. ஒளி ஓடுகிற கண்ணாடியின் கனம் 9 மைக்ரான்தான். நம் தலைமுடியில் பத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட. இறுக்கி மடக்கினால் ஒளி பக்கவாட்டில் கசிந்துவிடும். அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புதிதாக ஒட்டியதும் மைனஸ் 21. ஏழு எண்தானே என்று நினைக்க வேண்டாம். 3 குறைந்தாலே ஒளி பாதியாகிவிடும். 7 குறைந்தால் ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும். அன்றைக்கு அந்தப் பையன் மழையில் நனைந்து செய்த வேலையை நான் மறக்க மாட்டேன். அவனுக்கு முன்னால் வந்தவர்கள் வேலை தெரியாதவர்கள் இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை வீடு முடிக்க வேண்டும் என்ற நெருக்கடியில் மீட்டரை எடுக்க அவர்களுக்கு நேரம் கிடைப்பதில்லை.

ஆள் வந்தால் நீங்களும் பவரைக் கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியில் மாட்டும் முனையின் நிறத்தையும் பாருங்கள். பச்சை முனை எட்டு டிகிரி சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. பச்சையை நீலத்தில் சொருகினால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், ஆனால் ஒளியில் நல்ல பங்கு வீணாகும். அவசரத்தில் கையில் கிடைத்த வயரை மாட்டிவிட்டுப் போன வீடுகளை நானே பார்த்திருக்கிறேன்.

ஐந்து நாள் நோட்டு கையில் வந்ததும் போன் செய்யுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்று தொடங்காதீர்கள். "லேன் வயரில் காலை ஆறுக்கு 95, இரவு எட்டுக்கு 15, ஐந்து நாளும் இப்படித்தான்" என்று சொல்லுங்கள். ரூட்டரை ஆஃப் பண்ணச் சொல்ல அவர்களுக்கு வழி இருக்காது. புகார் எண்ணை வாங்காமல் போனை வைக்காதீர்கள். அது இருந்தால்தான், சரியாகாதபோது அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போக முடியும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2012-ல் கொண்டுவந்த விதியில் இந்த இரண்டு படியும் இருக்கின்றன. மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. நோட்டுப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் கூடவே அனுப்புங்கள். பக்கத்தில் அதே கம்பெனி லைன் உள்ள நாலு வீட்டில் கேட்டு, அவர்களுக்கும் இரவில் இதே நிலைமை என்றால் எல்லோரும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். ஒரு வீட்டுக்காக யாரும் அளவைக் கூட்ட மாட்டார்கள், ஒரு தெருவுக்காகக் கூட்டுவார்கள்.

அதுவரை பில்களைக் காலையில் ஏற்ற முடியுமா என்று உங்கள் ஆபீசில் கேட்டுப் பாருங்கள். ராத்திரி அந்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருப்பதை நினைத்தால் எனக்கே சங்கடமாக இருக்கிறது.

100 என்று பணம் கட்டுகிறேன். படம் இறக்கும்போது கம்ப்யூட்டரில் 11-தான் காட்டுகிறது. ஏமாற்றுகிறார்களா?
வாசகர், தென்காசி

இல்லை ஐயா, உங்கள் லைன் நன்றாக இருக்கிறது. கம்பெனி சொல்வது மெகாபிட், கம்ப்யூட்டர் காட்டுவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 100-ஐ எட்டால் வகுத்தால் பன்னிரண்டரை. வழியில் போகும் சில்லறைச் செலவு கழித்து 11 வருவது சரியான கணக்கு.

கவலைப்பட வேண்டியது வேறு ஒரு எண். 200, 300 என்று கட்டுகிறவர்களுக்கு வயரில் டெஸ்ட் போட்டால் எப்போதும் 94 பக்கத்திலேயே நிற்கிறது என்றால், எங்கோ ஒரு லேன் சாக்கெட் 100-க்கு மேல் போகாத பழையது, அல்லது வயருக்குள் ஒரு கம்பி அறுந்திருக்கிறது. கிகாபிட் ஓட எட்டுக் கம்பியும் வேண்டும். ஒன்று போனாலும் நாலு கம்பியில் 100-க்கு இறங்கி ஓடும். வயரை மாற்றிப் பாருங்கள், செலவும் அதிகம் இல்லை.

நாங்கள் ஆரியங்காவுக்கு மேலே எஸ்டேட் லயத்தில் இருக்கிறோம். ஃபைபர் வரவில்லை. சிம் போடுகிற ரூட்டர் வைத்துத்தான் ஆன்லைனில் படிக்கிறேன். போன வருடம் பரவாயில்லை, இப்போது பாடம் நடுவில் நின்றுபோகிறது. மலையாளத்தில் புகார் சொல்லவும் எனக்குச் சரியாக வராது.
மாணவி, ஆரியங்காவு

பாப்பா, உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். என் தங்கச்சியை ஆரியங்காவில்தான் கட்டிக் கொடுத்தோம், அந்தக் காடும் மேடும் எனக்குப் பழக்கம்.

மலை நடுவில் நின்றால் டவர் சிக்னல் வளைந்து வராது. பெட்டியை அறை மூலையில் வைக்காதே. ஜன்னல் ஜன்னலாக வைத்து, ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடம் விட்டு டெஸ்ட் போட்டு எழுது. நாலு அடி தள்ளி வைத்தாலே இரண்டு மடங்கு கிடைக்கிற இடம் இருக்கலாம். லயத்துக்குத் தகரக் கூரை என்றால் ஜன்னலுக்கு வெளியே திண்ணைப் பக்கம், மழை படாத இடத்தில் வைத்துப் பார். பெட்டியில் ஆன்டெனா மாட்டும் துளை இருந்தால் வெளி ஆன்டெனா வாங்கலாம். ஆனால் இடம் பார்த்துச் சரியாகாவிட்டால் மட்டும்.

நாள் அளவு தீர்ந்துவிட்டதா என்றும் கவனி. பல பிளான்களில் அது தீர்ந்தால் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அதில் பாடம் ஓடாது. நம் நாட்டில் பிராட்பேண்ட் என்று சொல்லவே குறைந்தது 2 மெகாபிட் வேண்டும் என்று 2023-ல் வரையறை செய்திருக்கிறார்கள். காலையில் சிக்னல் நன்றாக இருக்கும்போது பாடத்தை இறக்கி வைத்துக்கொண்டு ராத்திரி பார். படத்தின் தரத்தை 360-க்குக் குறைத்தாலும் கரும்பலகை எழுத்து தெரியும்.

புகார் சொல்லும்போது தமிழ் வேண்டும் என்று கேள், பல கம்பெனிகளின் பேசும் மெனுவிலேயே மொழி மாற்றும் வசதி உண்டு. கிடைக்காவிட்டால் எழுதிக் கொடு. கேரள அரசு 2023 ஜூனில் தொடங்கிய கே-ஃபோன் ஃபைபர் திட்டத்தில் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்று ஒரு பங்கு உண்டு. உங்கள் பக்கம் எப்போது வரும் என்று அப்பாவைப் பஞ்சாயத்து ஆபீசில் எழுத்து மூலமாகக் கேட்கச் சொல். கூச்சப்பட வேண்டாம். ஹாஸ்டலில் போன் வைத்துக்கொள்ளக்கூடாது என்ற விதியை எதிர்த்து ஒரு மாணவி போட்ட வழக்கில், இணையம் கிடைப்பது கல்வி உரிமையில் அடங்கும் என்று 2019-ல் கேரள உயர்நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உன்னைப் போல ஒரு கல்லூரிப் பிள்ளைதான் அதைக் கேட்டு வாங்கினாள்.

ஐப்பசி இடிக்குப் பிறகு எங்கள் லேன் சாக்கெட்டில் இரண்டு வேலை செய்யவில்லை. ஃபைபரில் மின்சாரம் வராது என்கிறார்களே?
வாசகர், பண்பொழி

கண்ணாடியில் வராது, அது உண்மை. கரண்டு பிளக் வழியாகவும், மாடிக்கு இழுத்த லேன் வயர் வழியாகவும் வரும். இடி கேட்டதும் அடாப்டரைச் சுவரில் இருந்து பிடுங்குங்கள், மாடிக்குப் போகும் லேன் வயரையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டு எர்த் கம்பியை எலக்ட்ரீஷியனிடம் ஒரு தடவை சோதிக்கச் சொல்லுங்கள். மிச்சம் இருக்கும் சாக்கெட்டில் வேகம் சரியாக வருகிறது என்றால் பெட்டியை அவசரப்பட்டு மாற்ற வேண்டியதில்லை.